காற்றில் கரையாத குரல்கள்

எழுத்துக்கு ஏடு உண்டு. சிற்பத்துக்குக் கல் உண்டு. ஓவியத்துக்குச் சுவர் உண்டு. வானொலியிற் பேசிய குரலுக்கு என்ன உண்டு? பேசியவன் வாயினின்றும் புறப்பட்ட கணத்திலேயே அது காற்றோடு கலந்துவிடுகிறது. கேட்டவன் நெஞ்சில் ஒரு சுவடு மட்டுமே எஞ்சுகிறது. ஆயினும் அச்சுவடு எளிதில் அழிவதன்று. ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், பழைய முன்னிசை ஒன்றின் இரண்டு சுரங்கள் காதில் விழுந்த மாத்திரத்தே, நரை திரை கண்ட முதியவர் ஒருவரை, விளக்கணைத்த கூடத்தில் வானொலிப் பெட்டியின் மங்கிய ஒளிக்கு முன்னே மூச்சடக்கிக் குந்தியிருந்த சிறுவனாக்கிவிடும் ஆற்றல் அதற்குண்டு.

இங்கிலாந்திலே இத்தகைய முதியவர்கள் பலர் உளர். 1950களிலும் 1960களிலும் தாம் கேட்ட பொப்பிசைப் பாடல்களையும், விண்கப்பல்களும் வேற்றுலக வாசிகளும் நிறைந்த விஞ்ஞானக் கற்பனை நாடகங்களையும் தேடித் தேடிச் சேர்ப்பதே இவர்தம் பொழுதுபோக்கு. அயலார் இவர்களைப் பார்த்து நகைப்பதுண்டு. வளர்ந்தும் வளராத பிள்ளைமனத்தார் என்று இரங்குவாரும் உண்டு. ஆனால், பெரிய நிலையங்கள் குப்பையென்று கழித்த செல்வத்தை எடுத்துக் காத்துத் தந்தவர்கள் இந்தப் பிள்ளைமனத்தாரே என்பதை வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றின் ஒரு நுனி நமது கொழும்பு நகரிலே தொடங்குகிறது என்பதுதான் வியப்பு.

கொழும்பில் இருவர்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலம் அது. தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் 1944ஆம் ஆண்டில் கண்டிக்கு வந்து சேர்ந்தது. வீட்டையும் நாட்டையும் விட்டுக் காடுகளிலும் கடல்களிலும் போர்புரிந்த படைவீரருக்குப் பாட்டும் செய்தியும் பகடியும் வழங்குவதற்கென்று கொழும்பில் ஒரு வானொலி நிலையம் அமைந்தது. படைத்தலைமையின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை 'ரேடியோ சீயாக்' என்றழைத்தனர்.

அந்நிலையத்திலே ஒன்றாகப் பணிபுரிந்தவர்கள் சார்ள்ஸ் சில்டன், டேவிட் ஜேக்கப்ஸ் என்னும் இரு இளைஞர்கள். சில்டன் விமானப்படையைச் சேர்ந்தவர். ஜேக்கப்ஸ் கடற்படையைச் சேர்ந்தவர். 1917இல் இலண்டனிற் பிறந்த சில்டன் தந்தை முகம் அறியாதவர். முதலாம் உலகப் போர் அத்தந்தையைக் கொண்டுபோயிற்று. பள்ளியை விட்ட சிறு பருவத்திலேயே பீ.பீ.சீ.யில் ஏவற் பையனாகச் சேர்ந்து, அங்குள்ள இசைத்தட்டு நூலகத்திற் பணியாற்றி, ஜாஸ் இசை நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் நிலைக்கு உயர்ந்தவர் அவர். ஜேக்கப்ஸோ 1926இற் பிறந்தவர். இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே கொழும்பு நிலையத்தின் தலைமை அறிவிப்பாளராய் விளங்கினார்.

போர் முடிந்தது. 1949ஆம் ஆண்டில் நிலையம் இலங்கை அரசின் கைக்கு மாறிற்று. படைவீரருக்கென்று வந்த சிற்றலை ஒலிபரப்பியின் வலிமையினாலேயே 1950களில் இலங்கை வானொலி ஒலிபரப்பிய திரைப்பாடல்களை இந்தியா எங்கணும் செவிமடுக்க முடிந்தது. இங்கு பழகிய நண்பர் இருவரும் இலண்டன் திரும்பினர். ஒருவர் பிரித்தானிய வானொலியின் விண்வெளி நாடகத்துக்குப் பேர் தேடித் தந்தார். மற்றவர் பொப்பிசைத் தலைமுறையின் அறிமுகக் குரலானார். நாம் சொல்லவந்த கதையின் இரு கிளைகளும் இவ்விருவரிடமிருந்தே பிரிகின்றன.

சந்திரனுக்குப் போன நால்வர்

1953ஆம் ஆண்டு ஜூன் மாதம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவைத் தொலைக்காட்சியிற் கண்ட இங்கிலாந்து மக்கள், அப்புதுப் பெட்டியை வீடுதோறும் வாங்கத் தலைப்பட்டிருந்தனர். வானொலியின் காலம் முடிந்தது என்று பலரும் பேசிய வேளை. அவ்வாண்டு செப்டெம்பரிற் சில்டன் எழுதித் தயாரித்த 'ஜேர்ணி இன்ரு ஸ்பேஸ்' என்னும் தொடர் நாடகம் பீ.பீ.சீ. வானொலியில் ஆரம்பமாயிற்று. விண்வெளிக்குள் ஒரு பயணம் என்பது அப்பெயரின் பொருள். 1965ஆம் ஆண்டிலே நால்வர் ஒரு விண்கப்பலில் ஏறிச் சந்திரனுக்குச் செல்வதாகக் கதை. தலைவன் ஜெற் மோர்கன். உடன் செல்வோர் டொக், மிற்ச், லெமி. இலண்டன் கீழ்ப்பகுதிப் பேச்சு மாறாத லெமியின் அச்சமும் பகடியுமே கேட்போரைக் கப்பலுக்குள் இழுத்துச் சென்றன.

படம் காட்டும் கருவி எதுவும் சில்டனிடம் இல்லை. அவருக்கிருந்தவை நான்கைந்து குரல்கள், ஓர் இசைக்குழு, எதிரொலி, அவற்றுக்கெல்லாம் மேலாக மௌனம். ஒலி பரவ இடமில்லாத வெளியின் தனிமையை ஒலியைக் கொண்டே உணர்த்த வேண்டும்! இயந்திரத்தின் இரைச்சல் திடீரென நிற்கிறது, ஒருவன் மெல்லப் பெயர் சொல்லி அழைக்கிறான், விடை வரவில்லை. அவ்வளவே. கேட்டிருந்த சிறுவர்களின் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. ஒவ்வொரு வாரமும் நாடகம் ஓர் ஆபத்தின் விளிம்பிலே நின்றுவிடும். அடுத்த வாரம் வரை நாடே காத்திருக்கும்.

நாடகத்தை அறிவித்த கம்பீரக் குரல் டேவிட் ஜேக்கப்ஸினுடையது. அறிவித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. வழியிற் குறுக்கிடும் சிறு பாத்திரங்கள் இருபதுக்கும் மேற்பட்டவற்றை அவரே குரல் மாற்றி நடித்தார். சந்திரப் பயணத்தைத் தொடர்ந்து, செவ்வாய்க் கிரகத்தைக் களமாகக் கொண்ட மேலும் இரு தொடர்கள் 1954க்கும் 1956க்கும் இடையில் ஒலிபரப்பாயின. மாலை வேளையிலே தொலைக்காட்சியைவிட அதிகமானோரைத் தன்பால் ஈர்த்த கடைசி வானொலி நிகழ்ச்சி இதுவே என்பர். பிற நாடுகளின் மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு அங்கெல்லாம் அது ஒலித்தது.

அழித்தவர் யார்?

இத்தனை புகழ்பெற்ற நாடகத்தின் முதல் தொடரை இன்று கேட்க இயலாது. பதினெட்டு அத்தியாயங்களின் ஒலிப்பதிவும் அழிக்கப்பட்டுவிட்டது. கையெழுத்துப்படி எஞ்சியிருந்தமையால், 1958இற் சில்டன் அதனைச் சுருக்கி, பதின்மூன்று அத்தியாயங்களாக மறுபடி நடிப்பித்துப் பதிவு செய்தார். அதுவும், பின்வந்த தொடர்களும்கூட இல்லாதொழிந்தன என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்புவதற்கென்று வார்த்த இசைத்தட்டுகளின் முழுத்தொகுதியொன்று, இடம்மாறி வைக்கப்பட்டுக் கிடந்த நிலையில், 1986ஆம் ஆண்டில் அகப்பட்டது. தவறாக அடுக்கப்பட்டமையால் தப்பிய தட்டுகள் அவை!

அழித்தவர்களைக் கொடியவர் என்று தூற்றிவிடுதல் எளிது. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒலிநாடா அந்நாளில் விலை கூடிய பொருள். அழித்துவிட்டு மீண்டும் பதியலாம் என்பதே அதன் சிறப்பு. நடிகர் சங்கங்களோடும் இசைவாணர் சங்கங்களோடும் செய்த ஒப்பந்தங்கள் மறு ஒலிபரப்புக்கு எல்லை வகுத்திருந்தன. மீண்டும் ஒலிபரப்ப இயலாத ஒன்றை எதற்காக இடமடைத்து வைத்திருப்பது? கணக்கப்பிள்ளையின் இக்கேள்விக்கு அன்று எவரிடமும் விடை இருக்கவில்லை.

இவ்வறியாமை பீ.பீ.சீ.க்கு மட்டும் உரியதன்று. 1969 ஜூலையில் மனிதன் மெய்யாகவே சந்திரனில் இறங்கினான். சில்டனின் கற்பனைக்கு நான்கு ஆண்டுகள் பிந்தி நிகழ்ந்தது அது. அங்கிருந்து வந்த காட்சியின் மூலப்பதிவு நாடாக்கள் என்னவாயின? அவற்றையும் அழித்து வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்திவிட்டதாகவே தெரிகிறது என்று 2009இல் அமெரிக்காவின் 'நாசா' நிறுவனம் அறிவித்தது. தொலைக்காட்சி நிலையங்களில் எஞ்சியிருந்த பிரதிகளைக் கொண்டே காட்சியைச் செப்பனிட வேண்டியதாயிற்று. மனிதகுலத்தின் மாபெரும் பயணத்துக்கே இக்கதி நேர்ந்ததாயின், நாடகத்துக்கும் பாட்டுக்கும் எம்மாத்திரம்?

ஒலிவாங்கியோடு ஒரு சிறுவன்

நிறுவனம் மறந்ததை இரசிகன் மறக்கவில்லை. 1963 நவம்பர் 23ஆம் திகதி பீ.பீ.சீ. தொலைக்காட்சியில் 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர் ஆரம்பமாயிற்று. வீட்டில் நிகழ்ச்சிகளைப் படத்துடன் பதியும் கருவி அந்நாளிற் சாதாரண மக்களிடம் இல்லை. ஒலியைப் பதியும் நாடாக்கருவி மட்டும் சில வீடுகளில் இருந்தது. சிறுவர் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு எதிரே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, வீட்டாரை இருமவும் விடாது, வாரந்தோறும் அந்நாடகத்தைப் பதிவுசெய்தனர். மறுபடி கேட்டு மகிழ வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை.

1967 தொடக்கம் பத்தாண்டுகளுக்கு மேலாக அத்தொடரின் பழைய பதிவுகள் அழிக்கப்பட்டன. முதல் ஆறு ஆண்டுகளில் ஒளிபரப்பான 253 அத்தியாயங்களுள் நூறளவிலானவை காணாமற்போயின. 1992இல் ஹொங்கொங்கிலிருந்தும் 2013இல் நைஜீரியாவிலிருந்தும் சில மீண்டன. ஆனால், படம் தொலைந்த அத்தியாயங்களில் ஒலி தொலைந்தது ஒன்றேனும் இல்லை. அத்தனையும் அச்சிறுவர்களின் நாடாக்களிலே இருந்தன. படம் போய் ஒலி எஞ்சியமையால் தொலைக்காட்சி நாடகம் வானொலி நாடகமாயிற்று. பழைய நடிகர்களே இடையிடையே காட்சியை விவரித்துரைக்க, அப்பதிவுகளைப் பீ.பீ.சீ. நிறுவனமே விலைக்கு வெளியிட்டது. தான் எறிந்த பொருளை, எடுத்து வைத்தவனிடம் வந்து பெற்றுக்கொண்ட செல்வந்தனின் கதை இது.

பொப்பிசையின் பக்கமும் இதே கதைதான். கொழும்பு நண்பர் ஜேக்கப்ஸ் 1959 முதல் 1967 வரை 'ஜூக் பொக்ஸ் ஜூரி' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தலைமை வகித்தார். புதிய இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்து, அவை மக்கள் மனத்தைக் கவருமா என்று நால்வர் தீர்ப்புக் கூறுவது அதன் முறை. வெற்றி என்றால் மணி ஒலிக்கும். தோல்வி என்றால் ஊதுகுழல் அலறும். 1963 டிசெம்பர் 7ஆம் திகதி, லிவர்பூல் நகர அரங்கொன்றில் 'பீற்றில்ஸ்' குழுவினர் நால்வருமே தீர்ப்பாளர்களாக அமர்ந்தனர். நாடே பார்த்த அந்நிகழ்ச்சியின் படம் இன்று இல்லை. எஞ்சியிருப்பது, எங்கோ ஒரு வீட்டில் எவரோ ஓர் அன்பர் பதிந்து வைத்த ஒலி.

தேயிலைப் பெட்டிகளில் ஒரு விண்வெளி

பொப்பிசையையும் விஞ்ஞானக் கற்பனையையும் ஒரே மனத்தில் வைத்து வாழ்ந்த ஒருவரைக் குறிப்பிடாமல் இக்கட்டுரை முற்றுப்பெறாது. அவர் ஜோ மீக். இலண்டன் ஹொலோவே வீதியில், தோற்பொருட் கடையொன்றின் மேல்மாடியிலே தம் கைப்படவே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துக்கொண்டவர். இசை எழுதப்படிக்க அறியாதவர். மனத்தில் எழுந்த மெட்டை முனகிக் காட்டி, வாசிப்போரைக் கொண்டு அதற்கு உருக்கொடுப்பார். 1962 ஜூலையில் 'டெல்ஸ்டார்' என்னும் செய்மதி விண்ணில் ஏறிற்று. அதன் பெயரையே சூட்டி மீக் ஆக்கிய வாத்திய இசையை 'டொர்னேடோஸ்' குழுவினர் வாசித்தனர். அவ்வாண்டு முடியுமுன்னரே அது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலின் தலையிடத்தைப் பிடித்தது. பிரித்தானிய இசைக்குழுவொன்று அமெரிக்காவில் அவ்விடத்தைப் பெற்றது அதுவே முதன்முறை.

புகழ் வந்த அளவுக்குப் பொருள் வந்து சேரவில்லை. மெட்டு பிறருடையது என்று பிரான்சு தேசத்தார் ஒருவர் வழக்குத் தொடுக்க, உரிமைப்பணம் முடங்கிற்று. கடனும் மனநோயும் மீக்கை வாட்டின. 1967 பெப்ரவரி 3ஆம் திகதி, வாடகைக்கு இடந்தந்த பெண்மணியைச் சுட்டுக்கொன்று, தம்மையும் மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற ஒலிநாடாக்கள் ஏறக்குறைய 1,850. அறுபத்தேழு தேயிலைப் பெட்டிகளில் அடைத்து அவற்றை ஒருவர் விலைக்கு வாங்கினார். அரை நூற்றாண்டுக்கு மேல் அப்பெட்டிகள் காத்திருந்தன. 2020இல் இசைத்தட்டுக் கம்பனியொன்று அவற்றைப் பெற்று, நாடா நாடாகக் கேட்டுப் பிரதிசெய்து வெளியிடலாயிற்று. நமது மலையகத்தார் நன்கறிந்த அந்த மெல்லிய பலகைப் பெட்டி, ஒரு மனிதரின் விண்வெளிக் கனவுக்கு இத்தனை காலம் அடைக்கலம் தந்திருக்கிறது.

'டொக்டர் ஹூ' நாடகத்தின் முன்னிசையை நாடா வெட்டி ஒட்டி உருவாக்கிய டீலியா டாபிஷயர் என்னும் அம்மையாரின் கதையும் இதனோடு ஒத்தது. மெட்டை அமைத்தவர் ரொன் கிரெய்னர். அதற்கு வேற்றுலக ஒலியைத் தந்தவர் டீலியா. ஊதியத்திற் பங்கு தரக் கிரெய்னர் விரும்பியும் நிலைய விதி இடந்தரவில்லை. அவர் பெயர் முதன்முதலாகத் திரையிலே தோன்றியது 2013இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் காலமாகிவிட்டார். அவர் வீட்டுப் பரணில், காலையுணவுத் தானியப் பெட்டிகளுக்குள்ளே, 267 ஒலிநாடாக்கள் இருந்தன.

குறையும் நிறையும்

பழையன யாவும் பொன் என்று வாதிடுவது நமது நோக்கமன்று. ஜெற் மோர்கனின் கப்பலிலே பெண் ஒருத்திக்கும் இடமில்லை. 1965இல் மனிதன் சந்திரனில் இருப்பான் என்ற கணிப்பும் பொய்த்தது. அக்காலப் பாடல்களிற் பல, கேட்ட மறுவாரமே மறக்கத் தக்கவை. நினைவு என்பது நல்ல தையற்காரன். கிழிசலை உள்ளே மடித்துத் தைத்துவிடும். ஆகவே பழைய இசையின் இரசிகன் தன் இளமையை மெச்சுகிறானா, இசையை மெச்சுகிறானா என்று ஐயுறுவதில் தவறில்லை.

ஆயினும், எது நிலைக்கத் தக்கது, எது மறக்கத் தக்கது என்று தீர்ப்பதற்கு முதலில் அது இருத்தல் வேண்டும் அன்றோ? அழிந்த பின் ஆராய்ச்சி இல்லை. இரசிகன் தரம் பார்த்துக் காக்கவில்லை, அன்பினாற் காத்தான். தரம் பார்க்கும் உரிமையைப் பின்வந்தோருக்கு வழங்கியது அந்த அன்பே. அவ்வன்பு புதியனவற்றையும் பெற்றெடுத்தது. 1980களில் வீட்டுக் கருவிகளைக் கொண்டு 'டொக்டர் ஹூ' ஒலிநாடகங்களைத் தாமே நடித்துப் பதிந்த இரசிகர் கூட்டத்திலிருந்து வந்த நிக்கலஸ் பிறிக்ஸ், 2005இல் அத்தொடர் தொலைக்காட்சிக்கு மீண்டபோது, அதில் வரும் இயந்திரப் பகைவர்களின் குரலாக அமர்த்தப்பட்டார்.

முதிய தலைவன்

கொழும்பு நண்பர்களின் கதைக்கு ஓர் அழகிய முடிவு உண்டு. 2008ஆம் ஆண்டிலே பீ.பீ.சீ. வானொலி ஜெற் மோர்கனை மீண்டும் அழைத்தது. புதிய நாடகத்தை எழுதியவர் தொண்ணூறு வயதைத் தாண்டிய சில்டன். தலைவன் ஜெற் மோர்கனாக நடித்தவர் யார்? 1953இல் வழிப்போக்கர் வேடங்கள் அத்தனையும் தாங்கிய அதே டேவிட் ஜேக்கப்ஸ்! எண்பது கடந்த குரலிலே விண்கப்பலின் தலைவன் பேசியபோது, அன்றைய சிறுவர்கள் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து கேட்டனர்.

சில்டன் 2013 ஜனவரியிற் காலமானார். ஞாயிறு இரவுதோறும் பழைய பாடல்களைத் தேர்ந்து ஒலிபரப்பி வந்த ஜேக்கப்ஸ், அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் கடைசி நிகழ்ச்சியை நடத்தி, செப்டெம்பர் 2ஆம் திகதி கண்மூடினார்.

நம் அலுமாரியின் அடித்தட்டு

இதனைப் படிக்கும் அன்பர்களே, இஃது எங்கோ சீமையில் நிகழ்ந்த கதை என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள். நாமும் ஒரு காலத்தில் 'இலண்டன் கந்தையா'வுக்காகவும் 'தணியாத தாக'த்துக்காகவும் வானொலிப் பெட்டியருகே காத்திருந்தவர்களே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏடு அழிந்தால் என்ன அழிகிறது என்பதை நெருப்பின் வெளிச்சத்திலே கண்டோம். ஒலி அழியும்போது அத்தகைய வெளிச்சம் எதுவும் எழுவதில்லை. இடம்பெயர்ந்து ஓடிய வழியில் விழுந்த கசற்றும், கூரை ஒழுக்கில் நனைந்த நாடாவும் ஓசையின்றியே போய்விடுகின்றன.

உங்கள் அலுமாரியின் அடித்தட்டில், பழைய சேலைக்கும் பத்திரக்கட்டுக்கும் இடையே, ஒரு கசற் இருக்கக்கூடும். வானொலி நாடகமாக இருக்கலாம். கோயில் மேளக் கச்சேரியாக இருக்கலாம். வெளிநாடு சென்ற மகனுக்குத் தாய் பேசி அனுப்பிய கடிதமாகவும் இருக்கலாம். அதனை எறியுமுன் ஒரு கணம் நில்லுங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் அவசரப்பட்டு ஓடவிடாதீர்கள். நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். அறிந்தவரிடம் கொடுத்துப் பிரதி எடுப்பியுங்கள். பேசுவது யார், பதிந்தது எந்த ஆண்டு என்பதை உறையில் எழுதுங்கள். பிரதியை ஒரு வீட்டில் மட்டும் வையாது இரண்டு வீடுகளில் வையுங்கள்.

ஒலிபெருக்கிக்கு எதிரே ஒலிவாங்கியைப் பிடித்திருந்த அந்தச் சிறுவனுக்கு, தான் ஒரு நாட்டின் நினைவைக் காக்கிறோம் என்பது தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், இந்தக் குரலை நாளையும் கேட்க வேண்டும் என்பது ஒன்றே. அந்த ஆசை நம்மிடமும் இருந்தாற் போதும்.